மூடுபனியும் அப்பாவின் நோ கிளெய்ம் போனஸும்

1

இன்று காலை ஜன்னல் திரையை விலக்கினால் எதிர்க் கட்டடத்தைக் காணோம். தெருவிளக்கு மட்டும் உடைத்து ஊற்றிய முட்டையின் மஞ்சள் கரு போலத் தனியாகத் தெரிந்தது. தெற்கு ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் இந்தச் சிறு நகரத்தில் நவம்பர் பிறந்துவிட்டால் இது வழக்கம்தான். ஆற்றிலிருந்து ஏறி வரும் மூடுபனி முற்பகல் வரை நகராது. மக்கள் சைக்கிளில் விளக்கைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

சாக்ஸ் தேடிக்கொண்டிருந்த என் மகள் யாழினி ஜன்னலைப் பார்த்ததும் நின்றாள். ஆறு வயது. ஜெர்மனில் நீளமாக ஏதோ கேட்டாள். "தமிழ்ல கேளு" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மாயி, அப்புச்சி... மறுபடி ஏர்போர்ட்ல?" என்றாள். அவளுடைய தமிழ் இப்போது உறவுமுறைப் பெயர்களில் மட்டும்தான் கெட்டியாக இருக்கிறது. வினைச்சொற்கள் எல்லாம் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டன. ஆனாலும் கேட்க வேண்டியதைச் சரியாகத்தான் கேட்டாள்.

அவளுடைய அம்மாயியும் அப்புச்சியும், அதாவது என் பெற்றோர், இந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் நாமக்கல்லிலிருந்து வருகிறார்கள். டிக்கெட் நேற்று இரவுதான் எடுத்தேன். போன விடுமுறையில் அவர்கள் முதன்முதலாக விமானம் ஏறியபோது நடந்தது இந்த வீட்டில் யாருக்கும் மறக்கவில்லை. ஊரில் இருப்பவர்கள், பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பும் பெற்றோர்கள், அவர்களுக்கு டிக்கெட் எடுத்து அனுப்பும் என்னைப் போன்றவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

2

அப்பா லாரிக்காரர். ஒற்றை லாரி, அவரே முதலாளி, அவரே டிரைவர். நாமக்கல்லில் பாடி கட்டிய வண்டி. நெற்றியில் என் பெயர் எழுதியிருக்கும். அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்கும் வேலைக்குப் போனவள். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா பின்னாளில் ஊர்ப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார். எங்கள் இரண்டு பக்கத்து உறவிலும் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. இன்று நான் கனரக வண்டிகளின் பிரேக்கைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அப்பா ஊரில் அதை, "என்ற புள்ள ஓகேன்னு சொன்னாத்தான் ஜெர்மனிக்காரன் வண்டியே நிக்கும்" என்று சொல்லித் திரிகிறார். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

படித்த பிள்ளை இருக்கும் வீட்டுக்கு எல்லாக் காகிதமும் வந்து சேரும். ரேஷன் கார்டு, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகையின் பிழைதிருத்தம் வரை நான்தான் பார்ப்பேன். ஒரு காகிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படிக்கும் பழக்கம் அப்படி வந்தது. அதில் அதிகம் பழகியது அப்பாவின் லாரி இன்சூரன்ஸ். ஒவ்வொரு வருடமும் அதை உரக்கப் படிக்கச் சொல்வார். அவர் காத்திருப்பது ஒரே ஒரு வரிக்காக: நோ கிளெய்ம் போனஸ். அந்த வருடம் இழப்பீடு எதுவும் கேட்காத வண்டிக்கு, அடுத்த வருடம் பிரீமியத்தில் தள்ளுபடி. இழப்பீடு கேட்டுவிட்டால் அந்தத் தள்ளுபடி போய்விடும்.

மற்றவர்களுக்கு அது தள்ளுபடி. அப்பாவுக்கு அது நற்சான்றிதழ். பம்பர் நசுங்கினால் கைக்காசு போட்டு டிங்கரிங் பட்டறையில் தட்டி எடுப்பார். ஒருமுறை நாக்பூர்ப் பக்கம் வேறொரு வண்டி பின்னால் வந்து இடித்து, பாடியின் ஒரு பக்கமே பிளந்துவிட்டது. அப்போதும் கிளெய்ம் போடவில்லை. "ஒரு கிளெய்ம் கூடப் போடாத வண்டி நம்மது" என்று டீக்கடையில் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் மாநில அளவில் மார்க் வாங்கியிருந்தால்கூட அப்படி மலர்ந்திருக்காது.

3

ஜெர்மனிக்கு வந்த புதிதில் எனக்கு இந்த ஊரைப் பார்த்தால் சிரிப்பு வரும். மூக்குக் கண்ணாடிக்கு இன்சூரன்ஸ், நாய்க்கு இன்சூரன்ஸ், நம் பிள்ளை பந்தடித்துப் பக்கத்து வீட்டுக் கண்ணாடி உடைந்தால் அதற்கும் இன்சூரன்ஸ். பயந்தாங்கொள்ளிகள் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. நம் ஊரில் ஒரு கஷ்டம் வந்தால் பத்துப் பேர் ஓடி வருகிறார்கள். இங்கே அந்தப் பத்துப் பேரையும் முன்கூட்டியே காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்கிறார்கள். முகம் தெரியாத ஒருவரின் கெட்ட நாளுக்காக ஊரே சேர்ந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்துவைக்கும் ஏற்பாடு அது. இப்போது எனக்கு அதன்மேல் மரியாதைதான்.

பெற்றோருக்கு விசா எடுக்கும்போது பயணக் காப்பீடு கட்டாயம் என்றார்கள். டிக்கெட் போட்டுக் கொடுத்த நாமக்கல் ஏஜென்ட், "விசாவுக்குத்தானுங்க மேடம், இருக்கறதுலயே கம்மியானதப் போட்ருவோம். யாரு இதையெல்லாம் எடுத்துப் பாக்கப் போறாங்க?" என்றார். நான் எடுத்துப் பார்த்தேன். விசாவுக்குத் தேவையானது மருத்துவச் செலவுக் காப்பீடு மட்டும். விமானம் ரத்தானால், வழியில் தங்க நேர்ந்தால், பெட்டி வந்து சேராவிட்டால் அதில் ஒன்றும் கிடையாது. கிளம்புவது விடுமுறைக் காலம். எல்லா விமானமும் நிறைந்து போகும். ஒன்று நின்றால் அடுத்ததில் இடம் இருக்காது. அதனால் தாமதத்துக்கும் பெட்டிக்கும் சேர்த்துப் பெரிய பாலிசியாகப் போட்டேன். டிக்கெட் எடுத்த அன்றே போட்டேன். புயல் வருகிறது என்று செய்தி வந்த பிறகு ஓடிப்போய் வாங்கினால் அந்தப் புயலுக்கு அது உதவாது. அதுவும் சிறிய எழுத்தில் இருந்தது. இரண்டு பிரதி எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும்படி ஏஜென்டிடம் சொன்னேன்.

அப்பா போனில் கேட்டது ஒன்றுதான். "போனஸ் உண்டா கண்ணு?"

"ஆமாங்ப்பா, பத்திரமா வாங்க" என்று ஏதோ வேலை அவசரத்தில் சொல்லி வைத்துவிட்டேன்.

4

பெங்களூரில் ஏறி, வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் மாறி, மியூனிக் வர வேண்டும். மாறும் இடத்தில் விடியற்காலை மூடுபனி. பாலைவன ஊர் என்று நினைப்போம், அங்கேயும் குளிர்காலத்தில் இப்படி விழுமாம். வந்த விமானம் எப்படியோ இறங்கிவிட்டது. போக வேண்டியது ரத்து. அடுத்ததில் இடமில்லை, நாளையோ நாளை மறுநாளோ என்கிறார்கள். இதையெல்லாம் விமான நிலையத்து இலவச இணையத்தில் வாட்ஸப் அழைப்பாக அப்பா சொன்ன விதம் இது:

"கண்ணு, வண்டி ஹால்ட் ஆயிப்போச்சு. ரோடு தெரியலையாம். ஒண்ணும் பயப்படாத. தரையில துண்ட விரிச்சு உக்காந்துட்டோம். இட்லிப் பொடி கையில இருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. பெருமையாகவும் இருந்தது. முதல் விமானப் பயணம், மொழி தெரியாத ஊர், சுற்றிலும் பெரிய கூட்டம். மனுஷன் ஏதோ சுங்கச்சாவடியில் நிற்பதுபோலப் பேசுகிறார்.

"அம்மா சாப்ட்டாளாப்பா? ஊசி போட்டாச்சா?"

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். காலையிலும் மாலையிலும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும்.

"ஊசி பெரிய பொட்டியில இருக்குது சாமி" என்றார் அப்பா, குரல் இறங்கி. "ஊசிய கையில கொண்டுபோனா போலீசு புடிச்சுக்கும்னு எதுத்த ஊட்டுக்காரரு சொன்னாரு. அதான் உள்ள போட்டுக் கட்டிட்டேன். பொட்டிய இப்பக் குடுக்க மாட்டாங்களாம்."

இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: இன்சுலினும் அன்றாட மாத்திரைகளும் மருத்துவர் சீட்டோடு கைப்பையில்தான் இருக்க வேண்டும். யாரும் பிடிக்க மாட்டார்கள். பெட்டி நம்மோடுதான் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அம்மா போனை வாங்கினாள். "எனக்கு ஒண்ணுமில்ல சாமி. கொஞ்சம் நாக்கு வறளுது, அவ்வளவுதான். நீ புள்ளைக்குச் சோறு குடு." பண்ணை வேலைக்காலத்தில் காய்ச்சலோடு கூடையைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் இதே "ஒண்ணுமில்ல"தான் சொல்வாள். நாக்கு வறள்கிறது என்று அம்மா வாயால் சொன்னால் அது கொஞ்சம் அல்ல.

5

உடனே பாலிசியில் இருந்த உதவி எண்ணுக்கு இங்கிருந்தே அழைத்தேன். எடுத்த பெண் பாலிசி எண்ணைக் கேட்பதற்கு முன்னால், "அம்மா நினைவோடு இருக்கிறார்களா? கூட யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள். அந்த வரிசையை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அந்த முனையத்திலேயே மருத்துவ அறை இருக்கிறது, அவர்களிடம் நான் பேசிவிடுகிறேன், பாலிசியைக் காட்டினால் பார்ப்பார்கள், உள்ளேயே ஓர் ஓய்வு விடுதி உண்டு, அறை எடுக்கச் சொல்லுங்கள், ரசீதை மட்டும் வைத்துக்கொள்ளட்டும் என்றாள்.

அவசர அவசரமாக அப்பாவை அழைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அதெல்லாம் வேண்டாம் கண்ணு. கிளெய்ம் போட்டா போனஸ் போயிரும்."

போனிலேயே கத்திவிட்டேன்.

"அப்பா, இது லாரி இல்லீங்ப்பா!"

"லாரியோ பிளேனோ, இன்சூரன்ஸ்காரன் ஒருத்தன்தான். மொதல் டிரிப்பே கிளெய்ம் போட்டா நாளைக்கு உன்ற பேருக்கு அந்த ஊருல கெட்ட பேரு வரும். அடுத்த தடவ விசா குடுப்பானா? நான் வெளிய எங்காச்சும் மருந்துக் கடை இருக்குதான்னு பாக்கறேன். கைக்காசு இருக்குது."

"வெளிய உட மாட்டாங்கப்பா. உங்களுக்கு அந்த நாட்டு விசா இல்ல."

"கேட்டுப் பாக்கறேன்."

கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் யோசித்தால் அவர் சொன்னதில் எனக்கான கவலைதான் முக்கால்வாசி. தன் வண்டியின் பெயரைக் காப்பாற்றிய மாதிரி என் பெயரையும் காப்பாற்றப் பார்க்கிறார். இது ஒரே பயணத்துக்கான பாலிசி, ஊர் திரும்பியதும் முடிந்துவிடும், இதில் போனஸ் என்று ஒன்று கிடையாது, விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றெல்லாம் விளக்கினேன். "எந்த இன்சூரன்ஸ்காரன் மொதல்லயே சொல்லுவான்?" என்றார். கிளம்பும்போது அவர் கேட்ட ஒற்றைக் கேள்விக்கு நான் அவசரத்தில் சொன்ன "ஆமாங்ப்பா" இப்போது குறுக்கே நின்றது.

அப்போதுதான் அவர் முதலில் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. வண்டி ஹால்ட் ஆயிப்போச்சு.

லாரித் தொழிலில் ஹால்டிங் என்று ஒன்று உண்டு. சரக்கு இறக்க வேண்டிய இடத்தில் வண்டியை நாள்கணக்கில் காக்கவைத்தால், நின்ற நாளுக்குச் சரக்குக்காரர் லாரிக்காரருக்குத் தர வேண்டிய தொகை. கிளெய்ம் கேட்கக் கூச்சப்படும் அப்பா, ஹால்டிங் விஷயத்தில் புலி. வண்டி நுழைந்த நேரத்தை வாசல் கேட்டில் எழுதி, முத்திரை குத்தி வாங்காமல் உள்ளே போகவே மாட்டார்.

"அப்பா, ஹால்டிங் வாங்குனா போனஸ் போகுமா?"

"அது எப்படிப் போகும்? அது நம்ம நின்னதுக்குக் குடுக்கறது. அது நம்ம உரிம."

"இது அதேதானுங்ப்பா. வண்டி அவங்க எடத்துல நிக்குது. நிக்கற வரைக்கும் ரூமு, சாப்பாடு, மருந்து எல்லாம் ஹால்டிங்ல சேத்தி. நான் பூராவும் படிச்சுப் பாத்துட்டேன்."

அப்பா மெதுவாக, "இதை மொதல்லயே இப்பிடிச் சொல்லோணுமல்ல?" என்றார். அடுத்த நொடி குரல் மாறிவிட்டது. "ஐயையோ, உங்கொம்மாளக் காணோம்!"

6

நாங்கள் போனஸைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா எழுந்து போய்விட்டாள். அந்த நேரம் எனக்கு எப்படிப் போனது என்று எழுதத் தெரியவில்லை. யாழினி என் முந்தானையைப் பிடிப்பதுபோல ஸ்வெட்டர் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மயங்கி எங்கேயாவது விழுந்திருந்தால் அந்தக் கூட்டத்தில் யார் பார்ப்பார்கள்? பெயர் கேட்டால் யாரிடம் எந்த மொழியில் சொல்வாள்?

அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மலையாளம் கலந்த தமிழில் ஒரு செவிலி பேசினாள். "உங்க அம்மை இவிட இருக்காங்க. சுகர் நல்லாக் கூடியிருந்தது. டாக்டர் பாத்து இன்சுலின் போட்டாச்சு. இப்ப பேடிக்க வேண்டா, பயப்படாதீங்க."

பின்னால் அம்மாவின் குரல்: "என்ற புள்ளையாங்க? குடுங்க, குடுங்க."

நடந்தது இதுதான். சீருடை போட்ட ஒரு பெண்ணிடம் போய் அம்மா தன் வயிற்றில் விரலால் ஊசி குத்திக் காட்டி, "சுகர், சுகர்" என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் ஒரு சக்கர நாற்காலியைக் கொண்டு வந்தாள். மருத்துவ அறையில் அம்மா பர்ஸைத் திறந்து, நான்காக மடித்து வைத்திருந்த பாலிசிப் பிரதியை எடுத்து மேசைமேல் விரித்துவைத்தாள். நான் சொல்லி அனுப்பிய இரண்டாவது பிரதி. அதன் மூலையில் என் எண்ணைப் பெரிதாக எழுதச் சொல்லியிருந்தேன்.

"உனக்கு அதுல என்ன எழுதியிருக்குதுன்னு தெரியுமாம்மா?"

"எனக்கெங்க தெரியும்? நீ படிச்சுட்டுத்தான குடுத்து உட்ருக்கற? படிக்கத் தெரியாட்டி என்ன, காட்டத் தெரியுமல்ல?"

எத்தனையோ பட்டமளிப்பு விழாக்களில் உட்கார்ந்திருக்கிறேன். என் படிப்புக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யாரும் செய்ததில்லை.

7

அதற்குப் பிறகு அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. விமானம் ரத்தானதற்கு விமான நிறுவனத்திடம் எழுத்துமூலம் கடிதம் வாங்க வேண்டும் என்று நான் சொன்னதும், "கேட்டுல சீல் குத்தற மாதிரி, அல்ல?" என்று வரிசையில் போய் நின்றுவிட்டார். சீல் இல்லாமல் கொடுத்த முதல் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, உள்ளங்கையில் முஷ்டியால் குத்திக் காட்டியே முத்திரையை வாங்கினார். பக்கத்தில் நின்ற திருச்செங்கோட்டுக்காரர், போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளியாம், "ஏனுங்க, இதெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்டிருக்கிறார். அப்பா அவருக்கு ஹால்டிங்கை விளக்கி, "உங்குளுதுல இருக்குதா பாருங்க" என்று பாலிசியை எனக்குப் படம் எடுத்து அனுப்பவைத்தார். படித்துப் பார்த்தேன். விசாவுக்கான மருத்துவக் காப்பீடு மட்டும். அவர் ரிக்குக்கு எல்லாக் காப்பீடும் வைத்திருக்கிறார், தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. விமான நிறுவனம் கொடுத்த சாப்பாட்டுச் சீட்டோடு நாற்காலியில் படுத்துக்கொண்டார். தாங்கள் எடுத்த அறையை அவரோடு மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாமா என்று அப்பா விடுதியில் கேட்டுப் பார்த்து, திட்டு வாங்கியிருக்கிறார்.

ஒருவழியாக மியூனிக்கில் வந்து இறங்கினார்கள். யாழினி கண்ணாடிக் கதவைத் தாண்டி ஓடினாள். அப்பா சட்டைப்பையிலிருந்து ரசீதுக் கற்றையை எடுத்து, ரப்பர் பேண்டோடு என் கையில் வைத்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"என்ன இருந்தாலும் கண்ணு, கிளெய்ம் போடாத ஆளுங்கற பேரு போச்சு."

அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டே சொன்னாள்: "பேரு போனாப் போகுதுங்க. நான் இருக்கறனல்ல?"

8

காப்பீட்டுக்காரர்கள் உடனே தந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு ரசீதில் பெயர் சரியாக அச்சாகவில்லை என்றார்கள், போர்டிங் பாஸ் கேட்டார்கள், கேட்டதையே மறுபடி கேட்டார்கள். ஜெர்மன் அலுவலகங்களில் பழகிய எனக்கு இது புதிதல்ல. ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் எழுதினேன். தந்தார்கள். ஆனால் நான் நன்றியோடு நினைப்பது அந்தத் தொகையை அல்ல. "அம்மா நினைவோடு இருக்கிறார்களா?" என்று முதலில் கேட்ட அந்தக் குரலை.

இன்று காலை மூடுபனியைப் பார்த்த கையோடு இந்த விடுமுறைக்கான பாலிசியைப் போட்டு முடித்தேன். யாழினியைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்பாவை அழைத்தேன். அவருடைய முதல் கேள்வி நான் எதிர்பார்த்ததுதான்.

"போன தடவ வாங்குனதுக்கு இந்தத் தடவ பிரீமியத்த ஏத்திட்டானா?"

"இல்லீங்ப்பா. அதேதான்."

"பாத்தியா! நான்தான் அன்னிக்கே சொன்னனே, அது கிளெய்மே இல்ல, ஹால்டிங்குன்னு. நம்மது இன்னமும் கிளீனு." டீக்கடையில்தான் நிற்கிறார் போல. பக்கத்தில் யாரிடமோ, "கேட்டுக்கங்க" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா தனியாக அழைத்தாள். இன்சுலினுக்குக் கழுத்தில் மாட்டும் பை தைத்துவிட்டாளாம். பாலிசி எத்தனை பிரதி எடுக்கப் போகிறாய் என்று கேட்டாள். இரண்டு என்றேன்.

"எனக்குத் தனியா ஒண்ணு மறக்காமக் குடுக்கச் சொல்லு சாமி. அவரு கையில இருக்கறது அவரு போனஸப் பாத்துக்கும். என்ற கையில இருந்தாத்தான் அது என்னைப் பாத்துக்கும்."